ஸ்க்ரீன்ல என்னா வருதுன்னு மட்டும் சொல்லு கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியா, சாப்பிடுறியா. பாப்பா சொன்னா, அந்த பழைய லேப்டாப்புல நீயே ஹார்ட் டிஸ்க் மாத்துனியாம், மாத்துனதுல இருந்து ஆன் ஆவ மாட்டேங்குதாம், பென்டிரைவ்ல விண்டோஸ் போட்டு அனுப்புறியான்னு அவ கிட்ட கேட்டியாம். அவளுக்கு பரீட்சை நடக்குது, அவளுக்கு என்னா தெரியும். காவேரிப்பட்டணத்துல பாதி பேரு மெஷின தொறந்து மூடுறவ நானு, என் கிட்ட ஒரு வார்த்த கேக்க உனக்கு என்னா கஷ்டம். சரி விடு. போன்ல சொல்லலாம்னு பாத்தா நீ எடுக்கறதில்ல, அதனால கடைய சாத்திட்டு உக்காந்து அடிக்கிறேன், பொறுமையா படி.

மொதல்ல ஒன்னு. ஆன் ஆவலன்னு சொன்னா எனக்கு ஒன்னும் புரியாது. கடைக்கு வர்றவங்க எல்லாம் அதையே தான் சொல்றாங்க, பக்கத்துல போயி பாத்தா ஒவ்வொன்னும் வேற வேற நோவு. பவர் பட்டன அமுக்குனா லைட் எரியுதா, ஃபேன் சுத்துதா, கம்பெனி பேரு வருதா, இல்ல ஸ்க்ரீனு கடைசி வரைக்கும் கருப்பாவே நிக்கிதா. ஏன் கேக்கறேன்னா, ஹார்ட் டிஸ்க்கே இல்லாட்டியும் லேப்டாப்புல அந்த பேரு வரணும், அத காட்டுற பயாஸ், அதான் ஆன் பண்ண ஒடனே மொதல்ல ஓடற சின்ன புரோகிராம், போர்டுலயே இருக்கு, டிஸ்க்குல இல்ல. ஸ்க்ரீன் சுத்தமா கருப்பா இருந்தா புது டிஸ்க்க திட்டாத. அடில கவர கழட்டுறப்ப ராம் கொஞ்சம் நவுந்திருக்கும், இல்ல ஏதாவது பட்டை வயரு எழும்பியிருக்கும். சார்ஜர புடுங்கிடு, பேட்டரிய கழட்டிடு, பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கி புடி, அப்புறமா ராம வெளிய எடுத்து சாய்ச்சி வெச்சி, ரெண்டு பக்கமும் கிளிப் டிக்குனு விழுற வரைக்கும் அமுத்து. கைய வெக்கறதுக்கு முன்னாடி ஏதாவது இரும்ப தொட்டுக்கோ. சார்ஜர் மாட்டியிருக்கறப்ப உள்ள கை வெக்காத, திரும்ப சொல்றேன் வெக்காத.

பேரு வந்துட்டு அப்புறம் பூட் டிவைஸ் இல்லன்னு, அதான் ஸ்டார்ட் ஆவறதுக்கு டிஸ்க் இல்லன்னு, இங்கிலீஷ்ல எழுத்து வந்து நின்னா அது வேற. அப்ப பயாஸுக்குள்ள போ, ஆன் பண்ண ஒடனே எஃப்2 தட்டிக்கிட்டே இரு, அதுல போவலன்னா எஸ்கேப், டெலீட், எஃப்10, மாடலுக்கு மாடல் மாறும். உள்ள போயி புது டிஸ்க் பேரு தெரியுதான்னு பாரு, அது ஒன்னு தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சது. தெரியலன்னா சரியா மாட்டல. பழைய டிஸ்க்க சுத்தி இருந்த தகரத்தயும் ரப்பரயும் புதுசுக்கு மாத்துனியா? பழசு கொஞ்சம் தடிமனா இருக்கும், இப்ப வர்ற எஸ்எஸ்டி டிஸ்க்கு 7 மில்லிமீட்டர் தான், அந்த தகரம் இல்லாம வெறுமனே வெச்சா டிஸ்க் மாட்டுற சாட்டா பின்னுல முழுசா போயி உக்காராம அரைகுறையா நிக்கும். அவசரப்பட்டு தள்ளாத, நேரா வெச்சி தள்ளு, அந்த பின்னு ஒடஞ்சா போர்டு வேல ஆயிடும்.

பயாஸ்ல பேரு தெரிஞ்சும் பூட் ஆவலன்னா பெரும்பாலும் டிஸ்க்குல பூட் ஆவறதுக்கு ஒன்னும் இல்லன்னு அர்த்தம். புது டிஸ்க் வாங்குனா வெறும் டிஸ்க் தான் கண்ணு, விண்டோஸ் நாம தான் போடணும். நீ கோடு எழுதறவன், நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல இருக்கறவன், உனக்கு போயி இத சொல்றனேன்னு இருக்குது, ஆனா நீ சின்னதுல இருந்தே ஸ்க்ரூ டிரைவர் புடிச்சவன் இல்ல, படிப்பு உண்டு நீ உண்டுன்னு இருந்தவன். இப்ப நீயா தனியா கவர கழட்டி டிஸ்க் மாத்துனேன்னு பாப்பா சொன்னதும் எனக்கு சந்தோஷமா தான் இருந்துச்சி. அப்பா கிட்ட கூட சொன்னேன். அப்புறம் தான் யோசிச்சேன்.

தீபாவளிக்கு வந்தப்ப பீரோ மேல இருந்து அத எறக்குன. சர்க்கார் குடுத்த லேப்டாப்பு, ப்ளஸ் டூ முடிச்சப்ப வாங்குனது, ஆபீஸ்ல குடுத்தது இருக்கறப்ப இது எதுக்குடான்னு வாய் வரைக்கும் வந்துச்சி. நீ சும்மா பழகறதுக்குன்ன. நானும் துண்டுல சுத்தி பைல வெச்சி குடுத்தேன். ஆபீஸ் மெஷினுன்னா அதோட ஸ்க்ரூவ தொடவே விட மாட்டாங்க, டிஸ்க் போச்சின்னா அவங்களே வேற குடுப்பாங்க. நீ சொந்த காசுல டிஸ்க் வாங்கி இதுல மாட்டுறன்னா, இது தான் உனக்கு தினமும் வேணும்னு எனக்கு புரியுது. அதனால தான் இவ்ளோ விவரமா எழுதறேன், எப்படியாவது அது ஓடணும்.

க்ளோன் பண்ணியா, அதான் பழைய டிஸ்க்குல இருந்தத அப்படியே புதுசுக்கு காப்பி பண்ணியா, இல்ல வெறுமனே மாட்டுனியா, அதயும் பாப்பா கிட்ட சொல்லல நீ. க்ளோன் பண்ணியிருந்தா சி டிரைவ மட்டும் காப்பி பண்ணியிருப்ப, நெறைய பேரு அப்படி தான் பண்றாங்க. பூட் ஆவறதுக்கு தேவையானது சி டிரைவ்ல மட்டும் இல்ல, டிஸ்க்கோட ஆரம்பத்துலயும், பக்கத்துல பேரே இல்லாம ஒரு சின்ன பார்ட்டிஷன்லயும் இருக்கும், அத விட்டுட்டு வந்தா வீட்டு சாமான் எல்லாத்தயும் லாரில ஏத்திட்டு சாவிய பழைய வீட்லயே வெச்சிட்டு வந்த மாதிரி. அதுலயும் இந்த சர்க்கார் லேப்டாப்புல விண்டோஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேத்து போட்டு குடுத்தாங்க, எதுல போவணும்னு மொதல்ல கேக்கும் இல்ல, அந்த மெனு லினக்ஸ் பக்கம் இருக்கறது. விண்டோஸ மட்டும் தூக்கிட்டு வந்தா அது எங்க போறதுன்னு தெரியாம நின்னுடும். முழு டிஸ்க்கயும் க்ளோன் பண்ணணும், பண்ணிட்டு மொத தடவ ஆன் பண்றப்ப பழைய டிஸ்க் யூஎஸ்பில கூட மாட்டியிருக்க கூடாது, ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர் இருக்கும், விண்டோஸ் குழம்பிடும்.

விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்துட்டு நீலமாயி திரும்ப திரும்ப ரீஸ்டார்ட் ஆனா அது பயாஸ்ல சாட்டா மோடு மாறிட்டிருக்கும், ஏஹெச்சிஐன்னு இருக்கா வேற ஏதாவது இருக்கான்னு பாரு, முன்ன எதுல விண்டோஸ் போட்டாங்களோ அதுலயே இருக்கணும். டேட்டு தப்பா பழைய வருஷம் காட்டுச்சின்னா உள்ள இருக்கற சின்ன காசு மாதிரி பேட்டரி தீந்துடுச்சி, பீரோ மேலயே அத்தன வருஷம் கெடந்துச்சே. அது தீந்தா செட்டிங் எல்லாம் தானா மாறிடும். பெரும்பாலும் சிஆர்2032 தான், மெடிக்கல் ஷாப்புல கூட கெடைக்கும், சிலதுல வயர் வெச்சி வரும், கழட்டி பாத்துட்டு வாங்கு.

என்ன கேட்டா, க்ளோன விட்டுட்டு புதுசாவே போட்டுடு. 8 ஜிபி பென்டிரைவ் போதும். பென்டிரைவ்ல பூட் பண்ணி, டிஸ்க்க காட்டுற எடத்துல இந்த டிஸ்க் ஜிபிடி, இதுல போட முடியாதுன்னு சொல்லிச்சின்னா பயப்படாத. ஜிபிடின்றது டிஸ்க்க பிரிக்கற புது முறை, எம்பிஆர் பழைய முறை. நீ பென்டிரைவ லெகசின்ற பழைய மோடுல பூட் பண்ணியிருக்க, அவ்ளோ தான். பயாஸ்ல யூஇஎஃப்ஐன்ற புது மோடுக்கு மாத்து, இல்லன்னா அந்த டிஸ்க்ல இருக்கற பார்ட்டிஷன் எல்லாத்தயும் அழிச்சிட்டு எம்பிஆரா மாத்து. ஷிப்ட் எஃப்10 அமுக்குனா கருப்பு விண்டோ வரும், டிஸ்க்பார்ட்னு அடி, லிஸ்ட் டிஸ்க்னு அடி, ஜிபிடின்னு இருக்கற எடத்துல நட்சத்திரம் இருந்தா ஜிபிடி. ஆனா க்ளீன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது கேள்வி கேக்காம எல்லாத்தயும் தொடச்சிடும். அத அடிக்கறதுக்கு முன்னாடி பழைய டிஸ்க் அந்த ரூம்லயே இருக்க கூடாது, நா சொல்றது புரியுதா. பழச ஃபார்மட் பண்ணாத. அதுல தான் உன் சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாம் இருக்கு, ஆயா களி கிண்டிக்கிட்டே பேசுன வீடியோ இருக்கு, வேற எங்கயும் இல்ல. டக் டக்குன்னு சத்தம் வந்துச்சின்னா திரும்ப திரும்ப ஆன் பண்ணி பாக்காத, அப்படியே எடுத்து வெச்சிடு, நா பாத்துக்கறேன்.

ஆனா ஒன்னு, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் நின்னுபோச்சி, 11 அந்த மெஷின் தாங்காது. அதனால விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுடு, கடைல ஒரு மெஷின்ல அது தான் ஓடுது, மொபைல் அளவுக்கு ஈஸி. வேலைக்கு அப்ளை பண்றதுக்கு, வீடியோ கால் பேசறதுக்கெல்லாம் அது தாராளமா போதும்.

இந்த மாசமும் அஞ்சாந்தேதியே பணம் வந்துடுச்சி. எடுக்கல, அப்படியே அக்கவுண்ட்ல தான் கெடக்குது. வர்ற மாசம் அனுப்பாட்டியும் ஒன்னும் இல்ல, இந்த வருஷம் மா தோப்புல அப்பா சும்மா இல்ல, கடைலயும் கார்த்திகை வரைக்கும் பட்டா சிட்டா எடுக்கறவங்க, சாதி சான்றுக்கு வர்றவங்கன்னு ஓயாம ஆளு. வீட்டு லோன நாங்க கட்டிக்குவோம். நீ இங்க இருந்து கெளம்பி போன பத்து நாளுலயே ரெண்டு மூணு பசங்க கடைக்கு வந்து ரெசியூம் பிரிண்ட் எடுத்துட்டு போனானுங்க, எல்லாம் பெங்களூர்ல இருந்து வந்தவனுங்க தான், பெரிய பெரிய கம்பெனில இருந்தவனுங்க, கம்பெனில ஆள கொறச்சிட்டாங்க அக்கா, இப்ப வேற பாக்கறோம்னு சொன்னானுங்க. அவனுங்க வீட்ல யாரும் அவனுங்கள ஒன்னும் சொல்லல. ஒருத்தனோட அம்மாவும் கூடவே வந்திருந்தா, பக்கத்துல உக்காந்து பேரு ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தா. உனக்கு யாராவது அப்படி தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு, ரெசியூம நா நல்லா அலைன்மென்ட் பண்ணி தரேன்.

உன் சின்ன மாமா கதை உனக்கு தெரியும், நா திரும்ப எழுத மாட்டேன். காலைல சட்ட மாட்டிக்கிட்டு கெளம்புவாரு, சாய்ந்திரம் வருவாரு, எங்க போனாருன்னு யாருக்கும் தெரியாது. எங்கம்மா கடைசி வரைக்கும் கேக்கல, கேட்டா மனசு ஒடஞ்சிடுவாரோன்னு பயந்தாங்க. எனக்கும் ராத்திரில அதே பயம் வருது கண்ணு, தூக்கம் கலஞ்சா மணி ரெண்டு, மூணு. அப்பா குறட்ட விட்டு தூங்கறாரு. அவர் கிட்ட நா எதுவும் சொல்லல, சொல்ல என்னா இருக்குது எனக்கு, நீ சொன்னா தான.

உன்ன நெனச்சி நா தலை நிமுந்து தான் கடைல உக்காந்திருக்கேன், அது நீ எந்த கம்பெனில இருக்கறன்றதுக்காக இல்ல. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு காலேஜ்ல மொத வருஷம் ஒன்னும் புரியலன்னு போன்ல அழுதுட்டு, அடுத்த நாளே லைப்ரரில போயி உக்காந்த இல்ல, அதுக்காக. ஆனா போன எடுக்காம இருக்கறது தப்பு, அது மட்டும் சொல்லிடறேன். ஞாயித்துக்கெழம ராத்திரி மணி ஒம்போது ஆனா பாப்பா கூட போன எடுத்து டேபிள்ல வெக்கறா.

பெங்களூர்ல இருந்து ஓசூர் வழியா ரெண்டர மூணு மணி நேரம், பஸ்ஸு எப்பவும் இருக்கு. லேப்டாப்பும் பழைய டிஸ்க்கும் எடுத்துக்கிட்டு வந்துடு, கடைல ஒரே ராத்திரில முடிச்சிடலாம், எவ்ளோ நாளு வேணும்னாலும் இருந்துட்டு போ, மேல் ரூம்ல ஃபைபர் கனெக்‌ஷன் இழுத்துட்டேன். பழைய டிஸ்க்க அந்த சில்வர் கவருல போட்டு துணில சுத்தி எடுத்துக்கிட்டு வா, பஸ்ல மேல தூக்கி வெக்காத, மடில வெச்சிக்கோ.

வர முடியலன்னா இன்னிக்கி ராத்திரி அத ஆன் பண்ணி ஸ்க்ரீன்ல என்னா எழுத்து வருதோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பாப்பாவுக்கு இல்ல, எனக்கு. எத்தன மணி ஆனாலும் அனுப்பு, நா முழிச்சிக்கிட்டு தான் இருப்பேன்.

அம்மா