எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) சோதனையில் பிரேக் பைப்பையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் லோடுடன் வரும்போது, முன்னால் சென்ற ஷேர் ஆட்டோ திடீரென நின்றதால் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். பெடல் தரைவரை இறங்கிவிட்டது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் தனித்தனி வழியாகச் செல்லும் அமைப்பு என்பதால் முன் பிரேக் மட்டும் பிடித்தது. வண்டி ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. ஆட்டோவில் உப்பள வேலைக்குச் செல்லும் பெண்கள் இருந்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

மெக்கானிக் அண்ணாச்சியுடன் நானும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின் சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயைச் சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பிடித்திருக்கும் கிளிப்புக்குள் உப்பும் சேறும் கல்லாக இறுகிக் கிடந்தன. அதைப் பெயர்த்து நகத்தால் சுரண்டியதும் குழாய் அடுக்கடுக்காக உதிர்ந்தது. நடுவில் ஓர் ஊசித்துளை. இரண்டு விரற்கடை தள்ளி அதே குழாய் பூச்சுக்கூடக் குலையாமல் இருந்தது. பென்சிலைவிட மெல்லிய, ஏறத்தாழ 4.75 மி.மீ. விட்டமுள்ள இந்தக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. நீர் வடியாமல் தேங்கும் கிளிப்புகளின் அடியில்தான் துரு அதை முதலில் தின்கிறது.

என்னை வருத்துவது வேறொன்று. இந்த வண்டி அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. பெற்றது. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று கட்டாயம் என்ற விதி நல்லதே. ஆனால் உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக் பிடிக்கும் விசையை அளந்தால், குழாயில் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்பது தெரியாது. அரித்துப்போன குழாயும் சாதாரண மிதியைத் தாங்கிவிடும். உயிரைக் காக்க முழு பலத்துடன் மிதிக்கும்போதுதான் ஆயில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறி அது வெடிக்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் அமெரிக்காவில், பழைய பிக்கப் வண்டிகளின் பிரேக் குழாய்கள் துருவால் உடைவது குறித்துப் பல ஆண்டுகள் விசாரித்த அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, 2015 ஏப்ரலில் விசாரணையை முடித்தபோது, வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவும்படியும் 2007-க்கும் அதற்கு முந்தைய மாடல்களின் குழாய்களைச் சோதிக்கும்படியும் உரிமையாளர்களை எச்சரித்தது. அங்கே சில மாதங்கள் சாலையில் கிடக்கும் உப்பு, இங்கே எங்கள் வண்டியின் தளத்திலேயே ஆண்டு முழுவதும் கொட்டுகிறது. மீன் ஏற்றும் வண்டிகளில் உப்பு ஐஸ் தண்ணீரோடு கலந்து சேஸின் மேலேயே வடிகிறது.

பழுது பார்க்கும் முறையிலும் ஆபத்து இருக்கிறது. நான் முதலில் விசாரித்த பட்டறையில், கெட்ட துண்டை மட்டும் வெட்டிவிட்டு ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். வெறும் செம்பு வண்டியின் அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். ஓரிடத்தில் துளை விழுந்திருந்தால் மற்ற கிளிப்புகளின் அடியிலும் நிலைமை அதுவாகத்தான் இருக்கும் என்பதால், முழுக் குழாயையும் மாற்றி, முனைகளை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்தி, புது ஆயில் விட்டு, ஏர் எடுப்பதே (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதே) சரியானது. செம்புடன் நிக்கல் கலந்த குழாய் கிடைத்தால் துருப்பிடிக்கும் கவலையே இல்லை. துரு வராதிருக்க அடிப்பாகத்தில் கழிவு ஆயில் அடிக்கும் வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. அது ரப்பர் பிரேக் ஹோஸ்களில் பட்டால் அவை ஊதிக் கெட்டுப்போகும். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் கிளிப்புகள்வரை பீய்ச்சிக் கழுவுவதே போதுமானது.

எனவே, கடலோர மாவட்டங்களில் உப்பும் மீனும் ஏற்றும் வண்டிகளுக்கு எஃப்.சி. வழங்கும்போது, வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கிளிப்புகளைத் தளர்த்தி, குழாய்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதைப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரு டார்ச் விளக்கும் பத்து நிமிடமும் போதும்.

இப்படிக்கு,
உப்பு லோடு வண்டி உரிமையாளர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.