கொண்டலும் சோழகமும் தேடலில் ஏன் சிக்கவில்லை

தக்கலை,
ஐப்பசி

அன்புள்ள மக்கா,

உன் குரல் செய்தியை நேற்று ராத்திரி மறுபடியும் போட்டுக் கேட்டேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனதும், மஸ்கட்டில் சூடு கொஞ்சம் தணிந்ததும் கேட்க சந்தோஷம். இங்கே ஆனி மழை விட்ட கையோடு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. அம்மை சுகமாக இருக்கிறாள். மரச்சீனிக்கிழங்கு அவித்துச் சாளைக் கறி வைக்கிற நாளிலெல்லாம் உன்னைப் பற்றிப் பேச்சு வரும்.

நம் கடற்கரைச் சொல் தளத்தைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். “தளம் அடிக்கடி மண்டையைப் போடுது, வேர்ட்பிரஸ்ஸை விட்டுட்டு மாசக் கட்டணம் கட்டுற ஏதாவது சேவைக்கு மாறிடுவோமா?” என்றாய். நம் தளத்தை நடத்தும் இந்த மென்பொருளை விட்டு மாற வேண்டாம் மக்கா. ஏன் என்று சொல்ல இந்த மாதம் நடந்ததை முழுசாக எழுத வேண்டும். பொறுமையாகப் படி.

முதலில் தளம் நின்ற கதை. அது சின்னக் கதைதான். தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங்காரர்கள் சர்வரில் பிஹெச்பியை, அதாவது வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியை, 8-ஆம் பதிப்புக்கு ஏற்றிவிட்டார்கள். நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் தளத்தில் கிடந்த பழைய படத்தொகுப்புப் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற கட்டளையை நம்பி எழுதப்பட்டது. அந்தக் கட்டளையை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று பிஹெச்பி 7.2-இலேயே எச்சரித்தார்கள், 8.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அதனால்தான் நீ பார்த்த ‘கடுமையான பிழை’ என்ற ஒற்றை வரி. 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பு முதல், இப்படி நின்றுபோனால் எந்தப் பிளகின் காரணம் என்று சொல்லி, மீட்பு முறையில் உள்ளே நுழைய ஓர் இணைப்பையும் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு வேர்ட்பிரஸ்ஸே அனுப்பிவிடும். நம் தளத்தில் நிர்வாகி முகவரியாக இருப்பது உன்னுடைய பழைய மின்னஞ்சல். அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

எனவே பிழைகள் பதிவாகும் லாக்கைத் திறந்தேன். அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில், பிழை காட்டும் டீபக் வசதியை இயக்கி, பிழைகள் கோப்பில் பதியட்டும், திரையில் வர வேண்டாம் என்று அமைத்தேன். திரையில் வரவிட்டால் சர்வரின் கோப்புறை வழியெல்லாம் போகிறவன் வருகிறவன் கண்ணில் படும். லாக்கில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் பளிச்சென்று இருந்தன. ஃபைல் மேனேஜரில் அந்தப் பிளகின் கோப்புறையின் பெயரை மாற்றினேன். வேர்ட்பிரஸ் அதைத் தேடிக் காணாமல் தானே அணைத்துக்கொண்டது, தளம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்து, லாக் கோப்பையும் அழித்துவிட வேண்டும். அது வழக்கமாக இருக்கும் கோப்புறை வெளியிலிருந்து எட்டக்கூடியது. நம்மூரில் பலரும் தளம் நின்றதும் லாக்கைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதே இல்லை. எங்கே உடைந்தது என்று அதுவே எழுதி வைத்திருக்கிறபோது படிக்காமல் எப்படி விடுவது?

இனிதான் விஷயம். நம் தமிழ் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். கண் புரை அறுவை முடிந்து இப்போது கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி நம் சொல் தளத்தைப் படிக்கிறார். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடற்கரை முழுக்க நடந்து அவர் சேர்த்த சொற்கள் இல்லையா, ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. என்னைப் பார்த்ததும் கேட்டார்: “கச்சான் இருக்கு, வாடை இருக்கு. கொண்டலையும் சோழகத்தையும் எங்கடே கொண்டு போட்டிய?”

மேற்குக் காற்று கச்சான், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கு கொண்டல், தெற்கு சோழகம். நாலு காற்றில் இரண்டு மட்டும் தேடலில் கிடைக்கின்றன. பட்டியலில் போய்ப் பார்த்தால் நாலும் இருக்கின்றன. தேடல் பெட்டியில் ‘கொண்டல்’ என்று தட்டினால் மட்டும் எதுவும் இல்லை என்று வருகிறது.

பிளகின் காரணமோ, கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு காரணமோ என்று சுற்றிவிட்டுத்தான் பெரும்பாலோர் எழுத்துப் பக்கம் வந்து சேர்வார்கள். ஆனால் சாரின் கேள்வியையே உற்றுப் பார். கிடைக்காத இரண்டிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. கிடைத்த இரண்டிலும் அது இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: மாணவர்கள் கைபேசியில் தட்டி ஏற்றிய சொற்களில் ஒகரம் வந்தாலும் கிடைக்கிறது, சாரின் பட்டியலிலிருந்து வந்தவைதான் கிடைக்கவில்லை. சாரின் பட்டியல் முன்பு நாகர்கோவில் டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்தது, பிறகு யாரோ எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவந்தது.

யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ககரம், அதன்பின் ஒற்றைக் கொம்பு, அதன்பின் கால் என்று தனித்தனியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், உனக்கும் எனக்கும் சாருக்கும் வேறுபாடு தெரியாது. எண்ணிப் பார்த்தால் முதல் விதத்தில் ‘கொண்டல்’ 7 குறியீடு, இரண்டாவதில் 8. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனி அச்சுகள். அந்த மாற்றி அவற்றைச் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறது. வேர்ட்பிரஸ் தேடல் என்ன செய்கிறது? நாம் தட்டிய சொல்லை, பதிவுகளைச் சேமித்து வைக்கும் தரவுதள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லிடம் கொடுத்து, இது எந்தப் பதிவுக்குள்ளாவது வருகிறதா என்று கேட்கிறது. மைஎஸ்க்யூஎல் அதைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும். ஏழும் எட்டும் எப்படிச் சேரும்?

இரண்டும் ஒரே எழுத்துதான் என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது. சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு. பிஹெச்பியில் இன்டல் என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால், அதிலுள்ள ‘நார்மலைசர்’ அதைச் செய்யும். நம் ஹோஸ்டிங்கில் அது அணைந்து கிடந்தது. இல்லாத ஒன்றைக் கூப்பிட்டால் தளம் மறுபடி நிற்கும், அதனால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடும்படி எழுதினேன். இல்லாவிட்டாலும் தமிழுக்குக் கவலை இல்லை: இப்படி இரட்டை வடிவம் உள்ளவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும், ‘ஔ’ என்ற உயிரெழுத்தும்தான். நேரடியாகத் தேடி மாற்றினாலே போதும். பதிவைச் சேமிக்கும்போது ஒரு தடவை, வாசகர் தேடும் சொல்லுக்கு ஒரு தடவை, பதிவின் முகவரி உருவாகும் இடத்தில் ஒரு தடவை. ஏற்கெனவே ஏற்றியவற்றை பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு மொத்தமாகத் திருத்தினேன்.

இதில் ஓர் ஆபத்தை நீயும் மனதில் வைத்துக்கொள். ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு ளகரம் போலவே இருப்பதால், ‘மௌனம்’ என்பதை ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி எழுதுகிறவர்கள் ஏராளம். நார்மலைசர் இதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. மாணவர் ஒருவர் ‘இதையும் மொத்தமா மாத்திடலாமே அண்ணா’ என்று கேட்டார். மாற்றினால் நம் கெளுத்தி மீன் என்ன ஆகும்? அதில் இருப்பது நிஜமான கெகரமும் நிஜமான ளுகரமும். மொத்தமாக மாற்றினால் அந்தச் சொல் உருக்குலைந்து போகும். எனவே அதை மட்டும் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம். கடற்கரைச் சொல் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும், வெறும் நிரல் தெரிந்தவர் போதாது.

சார் இப்போது கொண்டல் கிடைக்கிறது என்று போன் செய்தார். அதோடு விடவில்லை: “மரம்னு போட்டா மரத்தில்னு இருக்கறது வரலையே” என்றார். அது சரிதான். உருபு ஏறும்போது மகரம் தகரமாகிவிடுவதால் ‘மரம்’ என்ற துண்டு அங்கே இல்லை. சொல்லின் வேர் பிடித்துத் தேடும்படி செய்வது பெரிய வேலை. இப்போதைக்கு ஒவ்வொரு சொல்லின் பதிவிலும் அதன் திரிந்த வடிவங்களையும் ஒரு தனிப் புலத்தில் எழுதி, தேடல் அதையும் பார்க்கும்படி செய்கிறேன்.

அடுத்தது முகவரி. வாட்ஸாப்பில் நீ அனுப்பிய இணைப்பு பாதியில் அறுந்ததுபோல் இருக்கிறது என்றாயே, அதன் காரணம் தெரிந்தது. பதிவின் முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் தரவுதளத்தில் ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம். தமிழ்க் குறியீடு ஒன்று 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 இடம், ஆக ஒன்றுக்கு 9 இடம் போய்விடும். அப்படியானால் 22 குறியீட்டோடு சரி, அதிலும் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ‘கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைச் சொற்கள்’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘கன்னியாகுமரி-மாவட்டக்-கட’ என்று நின்றுவிடும். அதே தொடக்கத்தில் இன்னொரு தலைப்பு வந்தால் கடைசியில் ஒரு 2 ஒட்டிக்கொள்ளும். எனவே தலைப்பு எவ்வளவு நீளமானாலும், முகவரியில் தலைச்சொல் மட்டும் போதும் என்று வைத்துவிட்டேன். ‘கொண்டல்’ 63 இடத்தில் அடங்கும். வெளியிட்ட பதிவின் முகவரியை மாற்றினால் பழையதை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துப் புதியதற்கு அனுப்பிவிடும், நீ ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் கெடாது.

இவற்றையெல்லாம் எங்கே எழுதினேன் என்பது முக்கியம், நீயும் உள்ளே கைவைப்பாய். வேர்ட்பிரஸ்ஸின் மூலக் கோப்புகளில் ஒரு வரிகூடத் தொடவில்லை. தொட்டால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். எழுத்துத் திருத்தங்களை, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமிலும் போடவில்லை. நாளை வேறு தீம் போட்டால் கொண்டல் மறுபடி காணாமல் போய்விடும். உள்ளடக்கக் கோப்புறைக்குள் ‘எம்யூ-பிளகின்ஸ்’ என்று ஒரு கோப்புறை வைத்து அதில் ஒற்றைக் கோப்பாகப் போட்டிருக்கிறேன். அங்கே இருப்பது தானாகவே ஏறும், நிர்வாகத் திரையில் யாரும் தெரியாமல் அணைக்க முடியாது. தோற்றம் சார்ந்தவை மட்டும், தீமின் மேல் நாம் வைக்கும் தனிச் சேர்க்கையான சைல்டு தீமில். தலைப்புகளில் வரி இடைவெளியைக் கூட்டினேன், ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் வெட்டுப்பட்டன. சாய்வெழுத்தை எடுத்துவிட்டேன், தமிழ் எழுத்துருவில் சாய்வு இல்லாதபோது பிரவுசர் தானாகச் சரித்துக் காட்டுவது பார்க்கச் சகிக்கவில்லை. நீளமான கூட்டுச்சொல் கைபேசித் திரையைத் தாண்டி ஓடாமல் உடையவும் ஒரு வரி.

இப்போது உன் யோசனைக்குப் பதில். நீ சொன்ன கட்டணச் சேவையில் தளம் நின்றால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொண்டல் கிடைக்கவில்லை என்று சார் கேட்டால்? நாம் ஒரு புகார் அனுப்பலாம். தேடல் எப்படி ஒப்பிடுகிறது என்று திறந்து பார்க்க முடியாது, மூன்று குறிகளைச் சேர்க்கும் சில வரிகளை உள்ளே வைக்கவும் முடியாது. கடற்கரைத் தமிழ் தேடும் சில நூறு பேருக்காக அங்கே யார் உட்கார்ந்து திருத்துவார்? இங்கே மூலநிரல் நம் கையில் இருக்கிறது, நிரலைத் திருத்தவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமம் நமக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸே அப்படிப் பிறந்ததுதான். பி2 என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றபோது, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-இல் அதன் நிரலை எடுத்துத் தொடர்ந்து எழுதினார்கள். மூடிவைத்த நிரலாக இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சாரின் பட்டியல் நமக்குப் பின்னும் யாராவது எடுத்து நடத்தும்படி இருக்க வேண்டும் மக்கா, அதற்கு இந்த வழியைத்தான் நான் நம்புகிறேன்.

உனக்கு மூன்று வேலை. நிர்வாகி மின்னஞ்சலை நீ தினம் பார்க்கும் முகவரிக்கு மாற்று. மாதம் ஒரு தடவை தரவுதளத்தையும் உள்ளடக்கக் கோப்புறையையும் இறக்கி அங்கே உன் கணினியில் வை. திரும்ப ஏற்றிப் பார்க்கும்போது தமிழ் வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் உடனே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. அந்தப் பிரதியை அப்படியே சேமித்தால் எழுத்து போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. தரவுதளம் யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார். மூன்றாவது, சாரின் இரண்டாவது நோட்டை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன், கரைமடி வலையின் பாகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை லீவில் பத்துப் பக்கமாவது தட்டிக் கொடு. மாற்றி மென்பொருள் எதுவும் வேண்டாம், கையால் தட்டு.

மார்கழிக்கு வருவாய்தானே? டிக்கெட் போட்டதும் சொல், சார் வீட்டுக்குச் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
உன் தக்கலைக்காரன்