சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு பஸ் வேண்டி மனு

அனுப்புநர்:
செக்காலைப் பகுதிவாசி, காரைக்குடி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை மாவட்டம்.

பொருள்: காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் வழியாகச் சனி, ஞாயிறுகளில் சுற்றுப் பேருந்து இயக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 61. பிறந்ததிலிருந்து காரைக்குடிதான். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேத்தி, "தாத்தா, இத்தனை பேர் கேமராவும் கையுமாக வருகிறார்களே, இந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக, வெளியூர்க்காரர்களைப் போல இருவரும் கிளம்பினோம். வாசலில் நின்று என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

1941-இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டைக் கடந்துதான் இத்தனை வருடமாகக் காய்கறி வாங்கப் போகிறேன். ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பேத்தி எண்ண ஆரம்பித்து, கழுத்து வலிக்கிறதென்று பாதியில் விட்டுவிட்டாள். திருச்சி பஸ் எங்களைக் கானாடுகாத்தான் விலக்கில் இறக்கிவிட்டது. வெயிலில் நடந்தோம். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளை அவளுக்குக் காட்டினேன்.

ஆத்தங்குடியில்தான் அவள் நகர மறுத்தாள். தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில், கண்ணாடிப் பலகைமேல் இரும்பு அச்சை வைத்து, சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றினார் ஒரு தொழிலாளி. அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நின்றது, ஓரம்கூடக் கலையவில்லை. சூளை கிடையாது, மெருகு இயந்திரம் கிடையாது. காய்ந்து, தண்ணீரில் ஊறி வெளிவரும் கல்லுக்கு அந்தக் கண்ணாடிதான் பளபளப்பைக் கொடுக்கிறது. நான் பிறந்து தவழ்ந்த தரை இப்படித்தான் உருவானது என்று 61 வயதில் தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து பிள்ளையார்பட்டி போக 1 மணி 40 நிமிடம் காத்திருந்தோம். பஸ் வரவில்லை. ஆட்டோவுக்கு 700 ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். மாலை திறக்கும்வரை உட்கார எங்களுக்குத் தெம்பில்லை. மலையைக் குடைந்து செதுக்கிய வலம்புரிப் பிள்ளையாரைப் பார்க்காமலே திரும்பினோம். வழியில் ஒதுங்கக் கழிப்பறை தேடிப் பேத்தி பட்ட பாடு தனி.

ஆகவே, காலை 8 மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் புறப்பட்டு, நடை சாத்துமுன் பிள்ளையார்பட்டி, பிறகு ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று சுற்றி, மாலையில் திரும்பும் ஒரு பஸ்ஸை ஒரே டிக்கெட்டில் இயக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். சொகுசு பஸ் வேண்டாம். கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த மனுவே தேவையில்லை. நிறுத்தங்களில் கழிப்பறையும் குடிநீரும் அவசியம். ஓரிடத்தில் பனையோலையில் கொட்டான் (கூடை) முடைபவர்களுக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்பவர்களுக்கும் கடை போட இடம் ஒதுக்கினால் பயணிகளும் வாங்குவார்கள்.

அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி மறுபடி வருகிறாள். அதற்குள் சோதனை ஓட்டமாவது நடந்தால் முதல் இரண்டு டிக்கெட் எங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செக்காலைப் பகுதிவாசி

இணைப்பு: பேத்தி வரைந்த வழித்தட வரைபடம் – 1