பம்பிங் குறைந்தவர்களுக்கும் நடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. அப்போது அவருக்கு 64 வயது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்த்துப் பிழைக்க வைத்துவிட்டோம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு" என்றார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. இதயச் செயலிழப்பு என்று எழுதுகிறார்களே, அதை எங்கள் பக்கம் 'பம்பிங் கம்மி' என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே 'உப்பு குறைக்கவும், ஓய்வெடுக்கவும்' என்று எழுதியிருந்தது. எத்தனை நாள் ஓய்வு, அப்புறம் என்ன செய்யலாம் என்று ஒரு வரியும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஓய்வு என்றால் கட்டில் என்று எடுத்துக்கொண்டோம். அம்மா குடத்தைத் தொட்டால் தங்கை ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். வாசலைப் பெருக்க விடமாட்டோம். மாசி மாதம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடி உட்கார்ந்து புளியம்பழம் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். நாற்பது வருடமாக அம்மா தவறவிடாத இடம் அது. அந்த வருடம் சத்தத்தை மட்டும் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. இதயம் இன்னும் கெட்டுவிட்டது என்று பயந்து வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மறுபடி எக்கோ எடுத்தார்கள். அதே 30.

"இதயம் அப்படியேதான் இருக்கு. படுத்துப் படுத்துக் காலைத்தான் வீணாக்கிட்டீங்க" என்றார் அந்த மருத்துவர். பம்பிங் குறைந்தவருக்கு மூச்சு வாங்குவதற்கு இதயம் மட்டும் காரணமில்லையாம். அசையாமல் கிடந்தால் தசை கரையும். மிச்சமிருக்கும் தசைக்கும், வருகிற ரத்தத்தில் இருந்து ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் குறைந்துபோகும். நடக்க நடக்க அந்தத் திறன் திரும்பி வரும், அதே பம்பிங்கை வைத்துக்கொண்டு கூடுதல் தூரம் போகலாம் என்று விளக்கினார். பிறகு வராண்டாவில் 30 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் நாற்காலி போட்டு, அம்மாவை 6 நிமிடம் நடக்கவிட்டார்கள். நடுவில் இரண்டு முறை நின்று 170 மீட்டர் நடந்தார்.

மறுநாள் வாசலில் இருந்து முதல் புளியமரம் வரை கூட்டிப்போனேன். வழி நெடுக அம்மா, இது யார் நிலம், யார் யாருக்கு விற்றது என்று சொல்லிக்கொண்டே வருவார். பேச்சு தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. பாதி வாக்கியத்தில் நின்றால் நடையைக் குறைக்க வேண்டும். இதுவும் அந்த மருத்துவர் சொல்லித்தந்ததுதான். வாரத்துக்கு ஒரு மரம் கூட்டினோம். மூன்று மாதம் கழித்து அதே வராண்டாவில் 260 மீட்டர், நிற்காமல். இந்த மாசியில் அம்மா மறுபடியும் திண்ணையில் இருந்தார். பம்பிங் இப்போதும் 35-ஐத் தாண்டவில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள 2,331 பேரை வைத்து நடத்திய எச்.எஃப்.-ஆக்‌ஷன் என்ற ஆய்வு 2009-ல் வெளிவந்தது. அதில் ஒரு பாதிப் பேருக்கு முதலில் 36 முறை மேற்பார்வையில் பயிற்சி, அப்புறம் வீட்டிலேயே பயிற்சி. உயிரிழப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் பெரிதாகக் குறைந்துவிட்டதாக அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது. பயிற்சி செய்தவர்களின் வாழ்க்கைத் தரம் 3 மாதத்திலேயே ஓரளவு உயர்ந்து, பிறகும் குறையாமல் நின்றது. ஓரளவுதானே என்று சிலர் நினைக்கலாம். கட்டிலுக்கும் திண்ணைக்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே தொடங்கக் கூடாது. கால் வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது, உட்கார்ந்திருக்கையிலேயே மூச்சு வாங்கும்போது, காய்ச்சல் இருக்கும்போது நடை கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். அம்மா தினமும் காலையில் எடை பார்க்கிறார். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் போகிறோம். மாத்திரை ஒன்றுகூட நிறுத்தவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் அது. பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் பயிற்சி தரும் அதே ஊழியரிடம், பம்பிங் குறைந்தவர்களின் பட்டியலையும் மருத்துவர் சொன்ன நடை அளவையும் ஏன் கொடுக்கக் கூடாது? திடமாக இருப்பவர்களுக்காக 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். நல்ல காரியம். பம்பிங் குறைந்தவர்களுக்குத் தேவை வராண்டாவில் 30 மீட்டரும், கூட நிற்க ஒரு ஆளும்தான். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் அங்கே இந்த 6 நிமிட நடையைப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'ஓய்வெடுக்கவும்' என்பதற்குக் கீழே 'இந்தத் தேதியில் இருந்து இத்தனை நிமிடம் நடக்கவும்' என்று எழுதித்தர வேண்டும் என இரண்டு மாவட்ட சுகாதார அதிகாரிகளையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.