தேனை மட்டும் வைத்துக்கொண்ட கதை

திருநெல்வேலி டவுன்
ஜூன் 22

அன்புள்ள அந்தோணி,

இங்கு எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிட்டதே, தம்பி தூத்துக்குடியில் படகு ஏறிவிட்டானா? 61 நாள் கரையில் கிடந்தவனுக்கு முதல் வாரமே நல்ல மீன்பாடு கிடைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? போன தடவை போனில் அவர்களிடம் பேச முடியவில்லை, அது மனதில் கிடக்கிறது.

நீ அனுப்பிய புத்தகப் பெட்டி வடிவின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. ஏழு முடிந்துவிட்டது அவளுக்கு. மூன்றாம் வகுப்பு. பெட்டியைப் பிரித்த அன்று சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. அந்தப் பெட்டியால் எங்கள் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். போனில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன், நீயும் கேட்கவில்லை. எழுத்தில்தான் என்னால் முழுதாகச் சொல்ல முடியும்.

போன வருஷம் வரை கதை வாசிப்பது நான்தான். படம் அவளுக்கு, எழுத்து எனக்கு. கோழிச் சூப் என்று வந்தால் ரசம் என்று வாசிப்பேன். மீன் வறுவல் வாழைக்காய் வறுவலாகிவிடும். ராஜா வீட்டு விருந்தில் முழு ஆட்டை நெருப்பில் வாட்டுகிற படம் ஒரு புத்தகத்தில் உண்டு, அந்த இரண்டு தாளையும் சேர்த்துப் புரட்டிவிடுவேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிவிட்டாள். ஒரு ராத்திரி என் விரலை நகர்த்திவிட்டு, “அப்பா, இதுல ரசம்னு எழுதலையே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் “கோ, ழி” என்று வாசித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்: “வேற எதெல்லாம் மாத்தி வாசிச்சீங்க?”

என்னிடம் பதில் இல்லை, அந்தோணி. மறுநாளிலிருந்து பழைய புத்தகங்களையெல்லாம் எடுத்துவைத்து, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி அவளோடு திரும்ப வாசித்தேன். இரண்டு வாரம் ஆனது.

கதையை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதையில் காக்கை தூக்கிக்கொண்டு போவது சில பாடங்களில் இறைச்சி, சில பாடங்களில் பாலாடைக்கட்டி. நம் ஊரில் அது பாட்டி சுட்ட வடை. நரி வடை தின்னுமா என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? தன் தெருவில் பார்த்த வடைக்காரப் பாட்டியை யாரோ ஒருவர் கதைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தார், அவ்வளவுதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. நான் செய்தது ஒளிப்பு. உலகத்தில் எல்லோரும் நம்மைப் போலத்தான் சாப்பிடுகிறார்கள் என்று ஏழு வயதுப் பிள்ளையை நம்பவைக்கப் பார்த்தேன். 2014இல் எடுத்த அரசாங்கக் கணக்கில் தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 97 பேருக்கு மேல் அசைவம். அவள் வகுப்பிலேயே மத்தியானம் வாழைப்பழ வரிசையில் நிற்பது மொத்தம் மூன்று பேர். மற்றவர்கள் முட்டை வரிசை. அந்த முட்டை 1989இல் சத்துணவுக்கு வந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது பள்ளி நாளெல்லாம் உண்டு. ஒல்லிப் பிள்ளைகள் அதை வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

பஞ்சதந்திரக் கதைகளால் பெரிய சங்கடம் ஏதும் வரவில்லை. கொக்கு குளத்து மீன்களை வேறு குளத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று ஏமாற்றித் தின்கிற கதையை வாசித்துவிட்டு, “கொக்கு மீன் தின்னா தப்பா?” என்றாள். கொக்குக்கு மீன்தானே சாப்பாடு, பொய் சொல்லி அழைத்துப் போனதுதான் தப்பு என்றேன். சரி என்று ஏற்றுக்கொண்டாள். சிபிச் சக்கரவர்த்தி கதையும் அப்படித்தான். பருந்தின் பசியும் நியாயம் என்று அந்த ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் புறாவின் எடைக்குத் தன் சதையை அறுத்துவைக்கிறான். பருந்தைப் பார்த்து அவன் முகம் சுளிக்கவில்லை. “புள்ளுறு புன்கண் தீர்த்தோன்” என்று கண்ணகி சொல்வதை வகுப்பில் எத்தனை தடவை படித்திருப்போம், இந்த விஷயம் எனக்கு உறைத்தது மகளுக்கு வாசிக்கும்போதுதான்.

நான் மாட்டிக்கொண்டது நீ அனுப்பிய நாயன்மார் கதைப் புத்தகத்தில்.

கண்ணப்பர் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரியும், ஆச்சி சொல்லித்தான். நெல்லையப்பர் கோயிலில் அறுபத்துமூவர் வரிசைக்கு முன்னால் நின்று அம்மா சொல்வதைச் சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். அம்மாவின் கதையில் திண்ணன், அதுதான் கண்ணப்பரின் பழைய பெயர், மலைத்தேன் கொண்டுவருவான். தேனும் தினைமாவும். வாயில் தண்ணீரும் தலைமயிரில் பூவும் வரும். கடைசியில் கண். நீ அனுப்பிய புத்தகத்தில் சேக்கிழார் சொன்னபடியே பன்றி வந்துவிட்டது. கூட வந்த காடன் தீக் கடைகிறான், திண்ணன் கறியை வாட்டி, ஒவ்வொரு துண்டாகக் கடித்து ருசி பார்த்து, நல்லதை மட்டும் இலையில் வைத்துச் சாமிக்குக் கொண்டுபோகிறான். தேனும் பொய்யில்லை, அந்தக் கறியின் மேல் பிழிந்ததுதான். அம்மா தேனை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டிருக்கிறாள். நானும் நாற்பது வருஷம் எனக்கு அந்தக் கதை தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பி.ஏ.வில் பெரியபுராணம் படித்தவன்தான், ஆனாலும் கதை என்று நினைத்தால் அம்மாவின் கதைதான் மனதில் வரும்.

வடிவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னிடம் வந்தாள். “சாமி கறி சாப்பிட்டாராப்பா?”

“ஆமா.”

“அப்ப நாம மட்டும் ஏன் சாப்பிடல?”

அம்மா அடுக்களையிலிருந்து, “அதெல்லாம் அவங்க சாப்பிடுறது, நாம சைவாள்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்றால் முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளை வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருக்கிறது. இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு “சீ” என்று தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் அந்தப் பிள்ளை டப்பாவையே திறக்கவில்லையாம். இதை எனக்குச் சொன்னது வடிவுதான், ஏதோ சாதனை செய்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாள்.

அந்தச் “சீ” எந்தக் கதைப்புத்தகத்திலும் கிடையாது. கோழிச் சூப்பை ரசமாக்கிய என் குரலிலிருந்தும், பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிய என் விரலிலிருந்தும், அம்மாவின் ‘அவங்க’ என்ற சொல்லிலிருந்தும் அவள் பொறுக்கிக்கொண்டது அது. வாய்விட்டுச் சொல்லக்கூடாத அசிங்கம் ஏதோ அதில் இருக்கிறது என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இப்போது நான் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் வருஷம் பொங்கல் லீவில் நான் மணப்பாட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா எனக்காகப் புதுச் சட்டி வாங்கி, அதைப் பழக்கி, தனி அடுப்பில் சாம்பார் வைத்தார்கள். கரண்டி கூடப் புதுசு. “தம்பி, இதுல மீன் பட்டதில்ல, தைரியமா சாப்பிடுங்க” என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினார்கள். அடுத்த மாதம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். உனக்கு வீட்டு முன்பக்கத் தார்சாவில் இலை போட்டார்கள். அப்பாவும் நானும் உள்ளே பட்டாசலில் தட்டில் சாப்பிட்டோம். விருந்தாளிக்கு இலைதானே மரியாதை என்று அம்மா சொன்னாள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். எங்கள் தட்டில் உன் வாய் பட்டுவிடக்கூடாது என்பதுதான் காரணம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். நீ சொதி நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாய், இலையை நீயே எடுத்துப் போட்டாய். இருபத்தைந்து வருஷமாக நாம் அதைப் பேசவே இல்லை. என்னை மன்னித்துவிடு, அந்தோணி.

புறநானூற்றுப் பாட்டு ஒன்று நம் வகுப்பில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சேரமான் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து மெல்லியதாக இருக்கிறதே என்கிறான். ‘ஊன்துவை கறிசோறு’ உண்பதைத் தவிர வேறு உழைப்பறியாத கை, வேறெப்படி இருக்கும் என்கிறார் கபிலர். தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர். அன்றைக்கு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் குறிப்பெடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இதையெல்லாம் எழுதுவதால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. வடிவு சைவமாகவே வளர வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஓர் உயிரைக் கொல்லாமல் சாப்பிட்டு வாழ முடிகிறவர்கள் அப்படி வாழ்வது நல்லது என்று மனதார நம்புகிறேன். வள்ளுவர் புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாக வைத்துவிட்டுக் கொல்லாமைக்கு இன்னோர் அதிகாரமும் வைத்தாரே, அந்த இருபது குறளையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறேன். பயிர் வாடினால் தானும் வாடிய வள்ளலாரைச் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு என் சைவம் சாதியோடு வந்தது. நான் எதையும் யோசித்து விடவில்லை, பிறந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது இரக்கத்தில் வேர்விட வேண்டும். இருபது வயதில் அவள் வேறு முடிவு எடுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் கூடப் படிக்கிற பிள்ளையின் டப்பாவைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிற சைவம் எனக்கு வேண்டாம்.

அவள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் கழித்து, புத்தகத்தைத் திரும்பத் திறந்து, அந்தச் சாமிக்குப் பூசை செய்கிற சிவகோசரியார் வருகிற இடத்தை வாசிக்கச் சொன்னேன். அவரும் நம்மை மாதிரி, கறி சாப்பிடாதவர். சந்நிதியில் எலும்பும் இறைச்சியும் கிடப்பதைப் பார்த்துப் பதறுகிறார், கூட்டித் தள்ளுகிறார், கழுவுகிறார், மறுநாளும் அதே மாதிரி கிடக்கிறது. கடைசியில் சாமி அவர் கனவில் வருகிறார். வந்து என்ன சொல்கிறார் பார் என்றேன். நீயும் கறி சாப்பிடு என்று சொல்லவில்லை. திண்ணனைத் திருத்து என்றும் சொல்லவில்லை. நாளைக்கு எனக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவன் செய்வதைப் பார் என்கிறார். பார்த்த பிறகும் சிவகோசரியார் அவராகத்தான் இருந்திருப்பார், அவர் கொண்டுவருவது பூவும் நீருமாகத்தான் இருந்திருக்கும். திண்ணன் யார் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வடிவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “நாம சாப்பிடாதது ஆட்டுக்கும் கோழிக்கும் வலிக்கும்னு. சாப்பிடுறவங்க கெட்டவங்கன்னு இல்ல.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப ஆச்சி ஏன் தேன்னு சொன்னாங்க?” என்றாள். ஆச்சியிடமே கேள் என்றேன். கேட்டாள். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க ஆச்சி எனக்கு அப்படித்தான் சொன்னா” என்றாள். எழுபத்தாறு வயது அந்தோணி, அதற்கு மேல் நான் அழுத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை இன்னும் வடிவோடு சரியாகப் பேசவில்லை. இவள் தன் முறுக்கைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள், அது வாங்கவில்லை. ஒரு முறுக்கில் சரியாகிவிடாது, தினமும் பக்கத்தில் உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். உட்காருகிறாளாம். வாடை வருகிறதாம், ஆனால் மூக்கைப் பிடிப்பதில்லையாம்.

காலாண்டு விடுமுறையில் மூன்று பேரும் மணப்பாட்டுக்கு வருகிறோம். அம்மாவிடம் சொல்லிவிடு, புதுச் சட்டி வாங்க வேண்டாம், இருக்கிற சட்டியைக் கழுவி வைத்தாலே போதும். தம்பி ஊரில் இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல். வலையில் மாட்டுகிற மீனுக்கு வலிக்குமா என்று அவனிடம் கேட்க வேண்டும் என்று வடிவு இப்போதே தயாராக இருக்கிறாள். அவனுக்கு என்ன தோன்றுகிறதோ அதையே அவளிடம் சொல்லச் சொல்.

அன்புடன்,
நாதன்