எடை குறையாமலே குறைந்த கொழுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து ஏறும் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்றாலே, அதற்கேற்ற உணவாகப் பலரும் ஆலிவ் எண்ணெயைத்தான் சொல்கிறார்கள். வட ஐரோப்பாவின் குளிரில் ஆலிவ் விளையாது. அதனால் பின்லாந்து, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் தங்கள் ஊர் உணவையே சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ரை, பார்லி போன்ற முழுதானியங்கள், பெர்ரிப் பழங்கள், காய்கறி, மீன், வெண்ணெய்க்குப் பதில் கனோலா எண்ணெய். இவற்றை இந்தச் சிக்கல் உள்ளவர்களுக்கு 18 முதல் 24 வாரங்கள், உடல் எடை மாறாமல் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். அப்படியும் ரத்தத்தில் கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம் மேம்பட்டது. உடலுக்குள் இருக்கும் அழற்சியை (வீக்க எதிர்வினையை) காட்டும் ஓர் அடையாளமும் மட்டுப்பட்டது. இன்சுலின் செயல்பாடு மட்டும் மேம்படவில்லை. அதையும் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சர்க்கரை. மருத்துவமனையில் தந்த உணவு அட்டையில் ஓட்ஸ் இருக்கிறது. கேழ்வரகு, சாமை, மத்தி மீன், முருங்கைக்கீரை எதுவுமே இல்லை. சரி, இவை நல்லவை என்று வாயால் சொன்னால் போதாது. நம் மருத்துவக் கல்லூரிகள் அதே கண்டிப்போடு இவற்றையும் சோதித்து, கிடைப்பதை அப்படியே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை