அந்த இன்னொரு விமானத்திலும் ஓர் இளைஞர் இருந்தார்

ஆசிரியருக்கு,

கவிஞரும் போர் விமானியுமான ஜான் கில்லெஸ்பி மெகீ பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் 1941 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் அவருடைய ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ‘ஒரு பயிற்சி விமானத்தோடு’ மோதியது என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோனது மனதை உறுத்துகிறது. ‘ஆக்ஸ்ஃபோர்டு’ ரகத்தைச் சேர்ந்த அந்தப் பயிற்சி விமானத்தை ஓட்டியவர் கிரான்வெல் விமானப்படைத் தளத்தின் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின். மெகீயைப் போலவே அவருக்கும் 19 வயதுதான். மேகத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் 1,400 அடி உயரத்தில் மோதி இருவருமே இறந்தார்கள். கிரிஃபின் கவிதை எதுவும் விட்டுச் செல்லவில்லை என்பதற்காக அவர் பெயரை விட்டுவிடலாமா?

ஆங்கில ஆசிரியராக இருந்தபோது நானும் இதே தவற்றைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். மெகீயின் கவிதையை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, “இன்னொரு விமானத்தில் இருந்தவர் என்ன ஆனார் சார்?” என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை, வீட்டுக்குப் போய்த் தேடிய பிறகுதான் அந்தப் பெயரே தெரிந்தது. அடுத்த முறை மெகீயைப் பற்றி வெளியிடும்போது கிரிஃபினின் பெயரையும் வயதையும் அதே பத்தியில் சேர்த்துப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்